சட்டத்தோடு இன்னொரு பட்டம்

அமெரிக்காவுக்கு வந்து சட்டம் படிக்கப் போகிறேன் என்கிற பிள்ளைகள் இப்போதெல்லாம் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. கூடவே எம்.பி.ஏ., பொதுச் சுகாதாரம், பொதுக்கொள்கை, சமூகப்பணி என்று ஏதாவது ஒன்றையும் முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. சட்டப் பள்ளி உள்ள பெரிய பல்கலைக்கழகங்களில் அநேகமாக எல்லாமே ஜாயின்ட் டிகிரி, டூயல் டிகிரி என்று தங்கள் வலைத்தளத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கத்தில் நாலு மாணவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. நான் அந்தப் பொடி எழுத்தை வைத்துப் பிழைப்பவன்.

வேலை, ஒரு பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் ஆபீசில். கடைசி செமஸ்டரில் இருக்கும் மாணவர்களின் பதிவை ஒவ்வொன்றாகத் திறந்து, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று சரிபார்ப்பது. ஒற்றைப் பட்டம் என்றால் சட்டென்று முடிந்துவிடும். இரட்டைப் பட்டம் வந்தால் காபியை எடுத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். இந்தக் கூட்டணியில் சட்டம்தான் பெரிய கட்சி. தொகுதிப் பங்கீட்டை அதுதான் முடிவு செய்யும். எம்.பி.ஏ. பள்ளி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பொதுக்கொள்கைப் பள்ளி நிறையவே விட்டுக்கொடுக்கும். சட்டப் பள்ளி நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத இடங்கள் உண்டு. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் அடிப்படை. இங்கே சட்டம் என்பது பிளஸ் டூ முடித்தவுடன் சேர்கிற படிப்பு அல்ல. ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் வாங்கிவிட்டு அதற்கு மேல் மூன்றாண்டு படிப்பது. ஜே.டி. என்று பெயர். இளங்கலையில் என்ன படித்தோம் என்பது பொருட்டே இல்லை. இசை படித்தவரும் வருகிறார், இயந்திரப் பொறியியல் படித்தவரும் வருகிறார். சட்டப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருவது அமெரிக்க பார் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.பி.ஏ. பெரும்பாலான மாநிலங்களில் பார் தேர்வு எழுத, ஏ.பி.ஏ. அங்கீகரித்த பள்ளியின் ஜே.டி.தான் நேர்வழி. அதனால் ஏ.பி.ஏ. போட்ட விதியைத் தாண்டிப் போக எந்தப் பள்ளிக்கும் தைரியம் வராது.

அந்த விதிகளில் இரட்டைப் பட்டத்துக்காரர்களைப் பிடிப்பவை முக்கியமாக மூன்று. ஜே.டி.க்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். அதில் குறைந்தது 64 கிரெடிட் சட்டப் பள்ளியின் முறையான வகுப்புகளிலோ ஆசிரியரின் நேரடிக் கற்பித்தலிலோ வந்திருக்க வேண்டும். சட்டப் பள்ளியில் சேருவதற்கு முன் படித்த எதற்கும் ஜே.டி. கிரெடிட் கிடையாது. சட்டப் படிப்பைத் தொடங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் பட்டம் தரக்கூடாது, 84 மாதத்தைத் தாண்டவும் கூடாது. படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கே கடிக்கும் என்று பார்க்கலாம்.

போன குளிர்காலத்தில் அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். சென்னையில் பி.காம். முடித்துவிட்டு ஆடிட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஜே.டி.யும் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படிக்க ஆசை.

“மாமா, தனித்தனியாப் படிச்சா அஞ்சு வருஷம், சேத்துப் படிச்சா நாலு வருஷம்னு போட்டிருக்கு. அந்த ஒரு வருஷத்தை சும்மாவா தர்றாங்க?”

“சும்மா யாரும்மா தருவா? நீ படிக்கவேண்டிய பாடத்துல கழிச்சுக்கிட்டுத்தான் தர்றாங்க. எக்செல்லைத் திற.”

திறந்தாள். ஆடிட்காரி இல்லையா, கணக்கு என்றவுடன் முகம் தெளிந்துவிட்டது. உதாரணத்துக்கு ஒரு பள்ளியை வைத்துக்கொண்டோம். ஜே.டி.க்கு 86 கிரெடிட், எம்.பி.ஏ.வுக்கு 60. கூட்டினால் 146. செமஸ்டருக்குச் சுமார் 15 கிரெடிட் என்று போனால் பத்து செமஸ்டர், அதாவது ஐந்து வருஷம். இப்போது சட்டப் பள்ளி எம்.பி.ஏ. பாடங்களில் 12 கிரெடிட்டைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்கிறது. பிசினஸ் பள்ளியும் சட்டப் பாடங்களில் 12 கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறது. ஆக சட்டத்தில் நிஜமாகப் படிப்பது 74, பிசினஸில் 48. மொத்தம் 122. எட்டு செமஸ்டரில் முடிந்தது. மிச்சமான அந்த ஒரு வருஷம் இந்த 24 கிரெடிட்டிலிருந்துதான் வருகிறது. வேறு மாயம் எதுவும் இல்லை.

“அப்ப நான் 24 கிரெடிட் பாடத்தைப் படிக்காமலே ரெண்டு பட்டம் வாங்குறேன்” என்றாள்.

அதேதான். எந்தப் பாடம் போகும் என்பதுதான் அடுத்த கேள்வி. முதலாண்டுச் சட்டப் பாடங்களில் யாரும் கை வைக்க முடியாது. ஒப்பந்தம், சிவில் நடைமுறை, குற்றவியல், சொத்து, தீங்கியல், அரசமைப்பு, சட்ட எழுத்து என்று அந்த ஆண்டு முழுக்கக் கட்டிவைத்த மூட்டை. அந்த ஆண்டில் வேறு பள்ளியின் பாடத்தை எட்டிப்பார்க்கக்கூட அநேகப் பள்ளிகள் விடுவதில்லை. அதன்பிறகும் தொழில்முறை ஒழுக்கம் பற்றிய பாடம் ஒன்று, ஆறு கிரெடிட் செயல்முறைப் பயிற்சி, ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு பெரிய எழுத்துப் பணி ஆகியவை கட்டாயம். இதெல்லாம் போக மிஞ்சுகிற விருப்பப் பாடங்களில்தான் கத்தரி விழும். சாட்சியச் சட்டம், வருமான வரி, கம்பெனிச் சட்டம், உயில் என்று இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மற்ற மாணவர்கள் நிதானமாகப் படிப்பதை இவர்கள் பொறுக்கி எடுத்துப் படிக்கிறார்கள். இவற்றில் பல பார் தேர்வில் வரும்.

இப்போது அந்த 64. 86 கிரெடிட் கேட்கும் பள்ளியில் 64 போக 22 மிஞ்சும். இந்த 22-தான் வெளிக்கணக்கு. வேறு துறைப் பாடம், லா ரிவ்யூ என்கிற சட்ட இதழ் வேலை, மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டி, நீதிபதியிடமோ அரசு அலுவலகத்திலோ போய்ச் செய்கிற களப் பயிற்சி எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். எம்.பி.ஏ.வுக்கு 12 கொடுத்தாயிற்று என்றால் மிச்சம் பத்துதான். ஒரு செமஸ்டர் முழுக்கக் களப் பயிற்சிக்குப் போகலாம் என்று நினைத்திருந்தால் அங்கே இடிக்கும். ஆறு கிரெடிட் செயல்முறைப் பயிற்சி இருக்கிறதே என்று நினைக்கலாம். அதைச் சட்டப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சட்ட உதவிக் கிளினிக்கில் செய்தால் 64-க்குள் சேரும். வெளியே போய்ச் செய்தால் பெரும்பாலும் சேராது. ஒரே ஆறு கிரெடிட், எங்கே செய்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு பெட்டியில் விழுகிறது. எங்கள் ஆபீஸ் திரையில் சிவப்பு விழுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். மாணவர் மொத்தம் 86 சேர்த்திருப்பார், 64 மட்டும் 61-ல் நிற்கும்.

இன்னொரு பொடி விஷயம். சட்டப் பள்ளிகளில் அநேகமாக செமஸ்டர் முறை. பிசினஸ் பள்ளிகள் சில குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. குவார்ட்டர் கிரெடிட் மூன்று என்றால் செமஸ்டர் கணக்கில் இரண்டுதான். 12 கிரெடிட் படித்தேன் என்று ஒருவர் நிம்மதியாக இருப்பார். நாங்கள் மாற்றிப் போட்டால் 8 என்று காட்டும். இந்த மூன்றுக்கு இரண்டு கணக்கை எந்த விளம்பரப் பக்கமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இரண்டாவது விதி, வரிசை பற்றியது. சட்டப் பள்ளியில் காலடி வைப்பதற்கு முன் படித்த பாடத்துக்கு ஜே.டி.யில் கிரெடிட் கிடையாது என்றேனே, அது எம்.பி.ஏ.வை முதலில் தொடங்குகிறவர்களுக்கு வைத்த கண்ணி. முதல் வருஷம் பிசினஸ் பள்ளியில் படித்துவிட்டு இரண்டாம் வருஷம் சட்டத்தில் சேர்கிறவர், அந்த முதல் வருஷப் பாடம் எதையும் சட்டத்தின் பக்கம் கொண்டுவர முடியாது. பிசினஸ் பள்ளிக்குத் திரும்பிப் போய் அதன்பிறகு படிக்கிற பாடங்கள்தான் சேரும். ஏற்கெனவே முதுகலை முடித்தவர்கள், அதைக் காட்டி ஜே.டி.யைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று கேட்பதுண்டு. முடியாது. முடித்த பட்டம் முடித்ததுதான்.

மூன்றாவது, கடிகாரம். எம்.பி.ஏ., பொதுக்கொள்கை போன்றவற்றுக்கு 84 மாதம் தாராளம். சிக்குவது ஜே.டி.யோடு பிஎச்.டி. செய்பவர்கள். ஒரு வருஷம் சட்டம் படித்துவிட்டு, பிறகு ஆய்வுக்குப் போய், ஆய்வேடு இழுத்துக்கொண்டே போக, திரும்பி வந்து மிச்சச் சட்டத்தை முடிக்கலாம் என்று திட்டம் போட்டால், ஏழாண்டு ஓடிப்போயிருக்கும். அசாதாரணக் காரணம் இருந்தால்தான் தளர்வு. ஆய்வேடு முடியவில்லை என்பது அசாதாரணமா? பிஎச்.டி. உலகத்தில் அதைவிடச் சாதாரணமானது எதுவும் இல்லை. அதனால் சட்டத்தைத் தொடங்கினால் இடையில் ரொம்பத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுவது நல்லது.

சேர்க்கைக்கு வருகிறேன். இதில் பெரிய ரகசியம் இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாகத் தீர்மானிக்கும். ஒன்றில் இடம் கிடைத்தது என்பதற்காக மற்றது தராது. சட்டத்துக்கு எல்சாட் தேர்வு, 120 முதல் 180 வரை மதிப்பெண். 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் பகுதி கிடையாது, பழைய புத்தகத்தை வாங்கிப் பயிற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜி.ஆர்.ஈ.யை ஏற்கும் சட்டப் பள்ளிகளும் நிறைய வந்துவிட்டன. பிசினஸ் பள்ளியும் ஜி.ஆர்.ஈ.யை ஏற்றால் ஒரே தேர்வில் வேலை முடியும். நம்மூர் மார்க் ஷீட்டை எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பின் வழியாக அனுப்பி மதிப்பிட வேண்டும். மூன்றாண்டு பி.காம்., பி.எஸ்சி. பட்டத்தை ஏற்பார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், அதிலும் இரண்டு பள்ளிகள் வேறு வேறு பதில் சொல்லக்கூடும். இரண்டையும் கேளுங்கள்.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் வேலை அனுபவம். சட்டப் பள்ளி கல்லூரியிலிருந்து நேராக வருகிறவரையும் எடுக்கும். நல்ல பிசினஸ் பள்ளிகள் சில ஆண்டுகள் வேலை பார்த்தவரைத்தான் விரும்பும். அதனால் 21 வயதுப் பிள்ளைக்குச் சட்டத்தில் கிடைத்து, பிசினஸில் கிடைக்காமல் போவது சகஜம். அக்கா மகளிடமும் இதைத்தான் சொன்னேன்: “நீ வேலை பார்த்திருக்கே, அதுதான் உன் பலம். அதை விண்ணப்பத்துல ஒழுங்கா எழுது.” சட்டத்தில் சேர்ந்து, முதலாண்டு படிக்கும்போது பிசினஸ் பள்ளிக்கு விண்ணப்பிக்கவும் பல இடங்களில் வழி உண்டு. எனக்கு அந்த வழி பிடிக்கும். முதலாண்டுச் சட்டம் என்ன செய்யும் என்று அனுபவித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்று வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

மூன்றே ஆண்டில் இரண்டையும் முடிக்கும் திட்டங்களும் இருக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பள்ளியும் கெல்லாக் பிசினஸ் பள்ளியும் சேர்ந்து நடத்துவது பெயர்பெற்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி வார்ட்டன் பிசினஸ் பள்ளியோடு சேர்ந்து இதே மாதிரி நடத்துகிறது; அங்கே முதலாண்டு முழுக்கச் சட்டம், அதற்கடுத்த கோடையிலேயே வகுப்பு தொடங்கிவிடும். ஒரு வருஷக் கட்டணம் மிச்சம், ஒரு வருஷச் சம்பளம் முன்னதாக. நியாயம்தான். ஆனால் இங்கே வேலை கிடைப்பது கோடையில்தான். பெரிய சட்ட நிறுவனங்கள் கோடைப் பயிற்சிக்கு வருகிறவர்களைத்தான் பிறகு வேலைக்கு எடுக்கும். வங்கியும் கன்சல்டிங் கம்பெனியும் அப்படியே. நாலாண்டுத் திட்டத்தில் மூன்று கோடை உண்டு: ஒன்றைச் சட்ட நிறுவனத்திலும் ஒன்றைக் கம்பெனியிலும் கழித்துப் பார்த்து, எது ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மூன்றாண்டில் இருப்பதே இரண்டு கோடை, அதில் ஒன்று வகுப்புக்குப் போய்விட்டால் ஒன்றுதான். எந்தப் பக்கம் போவது என்று படிப்பின் தொடக்கத்திலேயே முடிவு செய்தவருக்குத்தான் அது சரி. முடிவு செய்தவருக்கு இரண்டு பட்டம் எதற்கு என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அதை இப்போதைக்கு விடுவோம்.

பணம். பெயர்பெற்ற தனியார் சட்டப் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டும். தங்குவதும் சாப்பிடுவதும் தனி. உதவித்தொகை கிடைத்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: அது எந்த செமஸ்டர்களுக்கு? சட்டப் பள்ளி கொடுக்கும் உதவித்தொகை பெரும்பாலும் சட்டப் பள்ளியில் பதிவு செய்திருக்கும் செமஸ்டர்களுக்கு மட்டும்தான். பிசினஸ் பள்ளியில் உட்காரும் வருஷத்துக்கு அவர்கள் கட்டணத்தை அவர்களுக்குத்தான் கட்ட வேண்டும். நாலாண்டும் பாதிக் கட்டணம் என்று நினைத்து வந்து, இரண்டாம் வருஷ பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

இங்கேயே பிறந்த, அல்லது கிரீன் கார்டு உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, படிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டிய கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 என்று உச்சவரம்பு. எம்.பி.ஏ. போன்ற மற்ற முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர், எந்த செமஸ்டரில் எந்தப் பள்ளியில் பதிவாகியிருக்கிறோம், எந்த வரம்பு பொருந்தும் என்பதை நிதி உதவி அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கட்டக்கூடாது.

நம்மூரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குக் கடனே வேறு கதை, இங்குள்ள வங்கியில் வாங்க உத்தரவாதக் கையெழுத்துப் போட ஆள் கேட்பார்கள். விசாவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்தப் படிப்பு, எந்தத் தேதி வரை என்பது இரட்டைப் பட்டத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதல் வாரமே போய் உட்காருங்கள். அடுத்தது, படித்து முடித்தபின் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அது 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று வகைப்படுத்திய பட்டத்துக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஜே.டி. ஸ்டெம் இல்லை. எம்.பி.ஏ. சில பள்ளிகளில் ஸ்டெம் வகையில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. இரட்டைப் பட்டத்தால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபமே சில நேரம் இந்த 24 மாதம்தான் என்று தோன்றுகிறது. பள்ளிகளின் விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. பகிர்ந்துகொண்ட கிரெடிட்டுகள் இரண்டு பட்டத்தையும் முடிப்பேன் என்ற ஒப்பந்தத்தின் பேரில் தரப்படுபவை. எம்.பி.ஏ. வேண்டாம் என்று விலகினால், சட்டப் பள்ளி ஏற்றுக்கொண்ட 12 கிரெடிட்டும் திரும்பிப் போய்விடக்கூடும். 74-ல் நிற்கிறீர்கள், 86 வேண்டும், இன்னொரு செமஸ்டர் பணம் கட்டுங்கள் என்பார்கள். இதே காரணத்தால் பல பள்ளிகள் இரண்டு பட்டத்தையும் ஒரே நாளில்தான் வழங்கும். சட்டத்தை முன்னதாக முடித்துவிட்டேன், ஜூலையில் பார் தேர்வு எழுதிவிடுகிறேன் என்று போனால், ஜே.டி. இன்னும் வழங்கப்படவில்லையே என்று நிறுத்துவார்கள்.

பார் தேர்வு பற்றிச் சொல்வதானால், இரண்டாவது பட்டத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. தேர்வு தனி, தொழில் ஒழுக்கத் தேர்வு தனி, நடத்தை விசாரணை தனி. நியூயார்க்கில் அனுமதி பெற 50 மணி நேரம் இலவசச் சட்டப்பணி வேறு செய்திருக்க வேண்டும். எம்.பி.ஏ. வகுப்பில் கூட்டாகச் செய்த வீட்டுப்பாடத்தில் காப்பி அடித்ததாக ஒரு புகார் பதிவானால், அது நடத்தை விசாரணைப் படிவத்தில் வந்து நிற்கும். சட்டப் பள்ளியில் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது.

இரண்டு பட்டமும் வாங்கியவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். மிட் ராம்னி, பிறகு மாசசூசெட்ஸ் ஆளுநராகவும் 2012-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகவும் ஆனவர், ஹார்வர்டில் ஜே.டி.யும் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படித்து 1975-ல் வெளியே வந்தார். மிஷிகன் பார் தேர்வும் எழுதித் தேறினார். வக்கீல் தொழில் செய்யவில்லை. கன்சல்டிங் போனார், முதலீட்டு நிறுவனம் நடத்தினார். இன்னொருவர் நமக்கு நெருக்கமானவர். ஸ்ரீ ஸ்ரீநிவாசன். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில். அப்பா கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் 1995-ல் ஜே.டி.யும் எம்.பி.ஏ.வும் வாங்கினார். அதன்பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடம் கிளார்க், அரசின் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம், தனியார் சட்ட நிறுவனம் என்று எல்லாமே சட்டம். 2013 மே மாதம் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவருடைய நியமனத்தை செனட் 97-0 என்று ஏற்றது; 2020-ல் அங்கே தலைமை நீதிபதி ஆனார்.

ஒரே ஜோடிப் பட்டம். ஒருவர் இந்தப் பக்கம் போனார், இன்னொருவர் அந்தப் பக்கம் போனார். இரண்டையும் சரிபாதியாக வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் நான் பார்த்தவரை குறைவு. ஏதோ ஒன்று தொழிலாகிவிடுகிறது, மற்றது பின்னணியாக நிற்கிறது. பொதுச் சுகாதாரம், சமூகப்பணி போன்றவற்றில் கொஞ்சம் வேறு மாதிரி. மருத்துவமனைச் சட்டம், குழந்தைகள் நலச் சட்டம் என்று போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே மேசையில் தேவைப்படுகின்றன. அந்தச் சேர்க்கைகளை எம்.பி.ஏ.வைவிட அதிகமாக நான் மதிக்கிறேன். எம்.பி.ஏ. கூட்டம் என்னை மன்னிக்க வேண்டும்.

ஊரிலேயே எல்.எல்.பி. முடித்தவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டியதில்லை. அவர்களுக்கு ஓராண்டு எல்.எல்.எம். இருக்கிறது, உரிய பாடங்களோடு அதை முடித்தால் நியூயார்க் போன்ற மாநிலத்தில் பார் தேர்வு எழுத வழி உண்டு. மூன்றாண்டு ஜே.டி.யும் மேலே இன்னொரு பட்டமும் அவர்களுக்கு அதிகச் செலவு. திரும்பிப் போய் இந்தியாவில் வக்கீலாக நினைப்பவர்கள், அமெரிக்கப் பட்டத்தோடு நேராகக் கறுப்பு அங்கி மாட்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்தப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஏற்றிருக்க வேண்டும், அதற்கு மேல் வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்காக அது நடத்தும் தகுதித் தேர்வையும் எழுத வேண்டும்.

“இங்கயே எல்.எல்.பி.யும் எம்.பி.ஏ.வும் ஒண்ணாப் படிக்கக் கூடாதா தம்பி?” என்று அக்கா நடுவில் புகுந்து கேட்டாள். அவளுக்கு மகளை விமானம் ஏற்றாமல் காரியம் முடிந்தால் நல்லது. கூடாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் 6-வது விதி, சட்டப் படிப்பில் இருக்கும்போது இன்னொரு ரெகுலர் படிப்பில் பதிவு செய்வதைத் தடுக்கிறது. தொலைதூரக் கல்வி மையத்தின் படிப்புக்கு விலக்கு உண்டு. யு.ஜி.சி. 2022-ல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அறிவித்ததைக் காட்டிச் சிலர் இரண்டு ரெகுலர் படிப்பிலும் சேர்கிறார்கள். வக்கீலாகப் பதிவு செய்வது பார் கவுன்சிலிடம், யு.ஜி.சி.யிடம் அல்ல. எல்.எல்.பி. படித்துக்கொண்டே தொலைதூரத்தில் எம்.ஏ., எம்.காம். செய்வது பாதுகாப்பான வழி. ஒரே கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. என்று சேர்த்துப் படிப்பது முழுக்கச் சட்டபூர்வம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலேயே இருக்கிறது. ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. பி.காம். முடித்த பெண்ணுக்கு அந்தப் பேருந்து போய்விட்டது.

யார் சேரலாம்? எம்.பி.ஏ. கிடைக்கவே கிடைக்காது என்று ஆனாலும் சட்டம் மட்டும் படிப்பேன் என்கிறவர் தாராளமாகச் சேரலாம். எம்.பி.ஏ.தான் ஆசை, சட்டம் கூட இருந்தால் கௌரவம் என்பவர், தயவுசெய்து எம்.பி.ஏ. மட்டும் படியுங்கள். இரண்டே வருஷம், பார் தேர்வு இல்லை, கடன் பாதி. எதில் ஆர்வம் என்று தெரியாததால் இரண்டையும் எடுக்கிறேன் என்பவர், ஒரு வருஷம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள். தெரியாமையைத் தீர்க்க ஆண்டுக்கு 70,000 டாலர் அதிகம்.

சேருவது என்று முடிவெடுத்துவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பள்ளிகளின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தப் பாடங்கள், எத்தனை செமஸ்டர் கிரெடிட், எந்தப் பக்கம் சேரும், குறைந்தபட்ச கிரேடு என்ன, பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது, எழுத்தில் வாங்குங்கள். எங்களைப் போன்றவர்கள் பதில் எழுதத்தான் சம்பளம் வாங்குகிறோம்.